மணி அடிச்சாச்சு, உட்காரும்மா

எங்கள் வடக்கனந்தல் பக்கத்துப் பிள்ளைகள் முனைவர் பட்டத்துக்குப் படிக்கப் போவார்கள் என்று ஒரு தலைமுறைக்கு முன் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இன்று போகிறார்கள். கரும்பு வெட்டுக்குப் போனவரின் மகள், கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்கியவரின் மகன், கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கி விற்ற வீட்டுப் பையன். பேருந்து மாறி மாறிச் சேலத்துக்கும் சிதம்பரத்துக்கும் போய், விடுதியில் கிடந்து, உதவித்தொகை வராத மாதங்களில் கைமாற்று வாங்கி, வருஷக்கணக்கில் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள். பள்ளியில் அவர்களுக்கு அறிவியல் நடத்தியவள் என்ற உரிமையில், அவர்கள் கட்டுரை வாசிக்கும் கருத்தரங்குகளுக்கும் கடைசியில் நடக்கும் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கும் கூப்பிட்டால் போய்விடுவேன். திரும்பி வரும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமில்லை. இத்தனை வருஷம் உழைத்து ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வருகிற பிள்ளைக்கு, அதை நாலு பேர் முன் எடுத்துச் சொல்ல யாரும் கற்றுக்கொடுப்பதில்லை, சொல்ல நேரமும் கொடுப்பதில்லை, சொன்னால் கேட்பதுமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கருத்தரங்கு என்று நடப்பதைச் சொல்கிறேன். அழைப்பிதழில் ஒன்பதரை என்று போட்டிருக்கும். சிறப்பு விருந்தினர் கார் வந்து சேர்ந்த பிறகுதான் தமிழ்த்தாய் வாழ்த்து. குத்துவிளக்கு ஏற்ற ஏழு பேர். வரவேற்புரை, அறிமுகவுரை, தலைமையுரை, முன்னிலையுரை, வாழ்த்துரை, இன்னொரு வாழ்த்துரை, மையக் கருத்துரை. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப்பரிசு, கூடவே ஒரு புகைப்படம். கட்டுரைத் தொகுப்பை வெளியிட ஒருவர், பெற்றுக்கொள்ள ஒருவர். அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். ஊர் ஊராகக் கிளம்பி வந்த ஆராய்ச்சி மாணவர்களுக்கு மத்தியானத்துக்கு மேலேதான் வேளை வரும். நான்கு வகுப்பறைகளில் பிரித்து உட்காரவைப்பார்கள். ஓர் அறைக்கு இருபத்தைந்து முப்பது கட்டுரை. "ஆளுக்கு அஞ்சு நிமிஷம். நேரம் இல்லாததால முக்கியமானதை மட்டும் சொல்லி மூணு நிமிஷத்துல முடிச்சுக்குங்க" என்று அமர்வுத் தலைவர் சொல்வார். அவர் முன்னால் ஒரு மணி இருக்கும்.

பேசி முடித்தவர் சர்டிபிகேட் வாங்கப் போய்விடுவார். அடுத்தவர் பேசும்போது இன்னும் இரண்டு பேர் குறைந்திருப்பார்கள். கடைசியாகப் பேசுகிற பிள்ளைக்கு எதிரே காலி நாற்காலிகளும், பேருந்து நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பேராசிரியரும்.

இப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. 2010-இல் பல்கலைக்கழக மானியக்குழு ஆசிரியர்களின் பணியை மதிப்பெண்ணாகக் கணக்கிடும் முறையைக் கொண்டுவந்தது. கட்டுரை வாசித்தால் புள்ளி, கருத்தரங்கு நடத்தினால் புள்ளி. 2016-இல் வந்த விதிமுறை, முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன் இரண்டு கருத்தரங்குகளிலாவது கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்றது. நல்ல எண்ணத்தில்தான் அப்படி வைத்திருப்பார்கள். பேசிப் பழகட்டும் என்றுதான். அது சர்டிபிகேட் சேர்க்கும் வேலையாக மாறிப்போயிற்று. 2022-இல் வந்த புதிய விதிமுறை அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. கட்டாயம் போனதோடு சரி. பேசக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் வரவில்லை.

எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி மரவள்ளியில் மாவுப்பூச்சி பற்றிப் பேசியதை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் பக்கத்தில் கரும்புக்கு அடுத்தபடி மரவள்ளிதான் பலருக்குச் சோறு போடுகிறது. கிழங்கு சேகோ ஆலைகளுக்குப் போகிறது. அந்தப் பூச்சி வந்தால் என்ன ஆகும் என்பது அவள் அப்பாவுக்குத் தெரியும். நுனிக்கொழுந்து கொத்தாகச் சுருங்கி, கணுக்கள் நெருங்கி, தண்டு முறுக்கிக்கொண்டு, இலைக்கடியில் வெள்ளைவெள்ளையாக மாவு அப்பிக்கொள்ளும். இந்தப் பூச்சியில் பெண் மட்டுமே போதும், ஆண் இல்லாமலே பெருகும். ஒரு வயலில் நட்ட குச்சியோடு இன்னொரு வயலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இதன் பின்னால் இருக்கிற கதை ஒரு சினிமாவுக்குக் காணும். தென் அமெரிக்காவில் இருந்த பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவின் காங்கோ பக்கம் எப்படியோ போய் இறங்கியது. அங்கே அதைத் தின்ன எதிரி யாரும் இல்லை. கோடிக்கணக்கான மக்களின் அன்றாடச் சாப்பாடான மரவள்ளி நாடு நாடாகக் கருகியது. சொந்த மண்ணில் அதை அடக்கிவைத்திருப்பது எது என்று தேடிப்போய், 1981-இல் பராகுவேயில் அந்தப் பூச்சியைக் கண்டுபிடித்தார்கள். அதன் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டு அதைக் கொல்லும், எறும்பைவிடச் சிறிய ஒரு குளவியும் அங்கே கிடைத்தது. அனாகைரஸ் லோபேசி என்று பெயர். அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்து வளர்த்துவிட்ட பணிக்குத் தலைமை வகித்த ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே பூச்சி 2020-இல் கேரளத்தில் தென்பட்டது, பிறகு நம் சேலம், நாமக்கல் பக்கம் பரவியது. பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியைத் தருவித்து வளர்த்தது. 2022-இல் அதை முதலில் வெளியே விட்டது எங்கே தெரியுமா? எங்கள் கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம், ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில்.

கண்டம் விட்டுக் கண்டம் போன பூச்சியும் அதைத் துரத்திப்போன குளவியும் எங்கள் மலையடிவாரத்தில் வந்து சந்திக்கின்றன. இதைச் சொல்லிக் கேட்பவரைக் கட்டிப்போட இதைவிட என்ன வேண்டும்? அந்தப் பெண்ணின் ஆராய்ச்சி, வயலில் அடிக்கிற பூச்சிமருந்து அந்தக் குளவியை என்ன செய்கிறது என்பதைப் பற்றியது. அவள் சொல்லவந்தது ஒரே ஒரு விஷயம்: கண்ட மருந்தையும் அடித்தால் பூச்சி தப்பிக்கும், உன் பக்கம் நின்று சண்டை போடுகிற குளவி செத்துப்போகும்.

அதை அவள் சொல்லவே இல்லை. முதல் ஸ்லைடில் தலைப்பும் கல்லூரிச் சின்னமும். இரண்டாவதில் மரவள்ளியின் தாவரவியல் பெயர், குடும்பம், தாயகம். மூன்றாவதில் உலகத்தில் எந்தெந்த நாட்டில் எத்தனை லட்சம் ஹெக்டேர். நாலாவதிலும் ஐந்தாவதிலும் முன்பு இதைப் பற்றி எழுதியவர்கள் பெயரும் வருஷமும் வரிசையாக. ஆறாவது ஸ்லைடில் எப்படிச் சோதனை செய்தாள் என்று தொடங்கும்போது மணி அடித்தது. "மணி அடிச்சாச்சு, உட்காரும்மா." அவள் அவசர அவசரமாக மீதி ஸ்லைடுகளைத் தள்ளித் தள்ளி, ரோஜாப்பூப் படம் போட்ட "நன்றி"யில் வந்து நின்றாள். அவள் கண்டுபிடித்தது என்ன என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது.

"ஏன்டா இப்படி வரிசை வெச்ச?" என்று வெளியே வந்து கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் டீச்சர் வெப்பாங்க. சீனியர் அக்கா குடுத்த பிபிடியில பேரையும் படத்தையும் மாத்திக்கிட்டேன்" என்றாள். ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு பார்த்தாரா என்றால், எழுத்துப்பிழை மட்டும் பார்த்தாராம். ஒரு தடவையாவது யார் முன்னாலாவது வாய்விட்டுப் பேசிப் பார்த்தாயா என்று கேட்டேன். இல்லை. ஆய்வேட்டில் இருக்கிற அத்தியாய வரிசையை அப்படியே பேச்சிலும் வைக்க வேண்டும் என்று அந்தப் பெண் நம்பிக்கொண்டிருக்கிறாள். அது தேவையில்லை என்று சொல்ல அவளைச் சுற்றி ஒரு மனிதர் இல்லை.

ஒரு ஏக்கர் கரும்பை வெட்டிக்கொண்டுவந்து மேடையில் கொட்ட முடியுமா? அடுத்தவர் வயலில் முளைப்பதற்கு இரண்டு பரு உள்ள ஒரு கரணை போதும். பேச்சிலும் கேட்பவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டியது அந்த ஒன்றைத்தான். முழுவதும் வேண்டுமென்றால் ஆய்வேட்டைப் படித்துக்கொள்ளட்டும். அப்படியானால் முதல் நிமிஷத்திலேயே கேள்வியைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கேள்வி யார் வயிற்றைத் தொடுகிறது என்று சொல்ல வேண்டும். நான் கண்டது இது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டேன் என்று காட்ட வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடியில் செயற்கை நுண்ணறிவுப் பேராசிரியராக இருந்த பேட்ரிக் வின்ஸ்டன், எப்படிப் பேசுவது என்று ஒவ்வொரு ஜனவரியிலும் நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு வகுப்பு எடுத்தார். 2019-இல் இறந்துபோனார், வகுப்பின் காணொலி இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. இதைக் கேட்டால் உனக்கு என்ன கிடைக்கும் என்று தொடக்கத்திலேயே வாக்குக் கொடு என்கிறார். கடைசி ஸ்லைடில் "நன்றி" என்று போட்டு இடத்தை வீணாக்காதே, நீ செய்தது என்ன என்பதைப் போடு, கேள்விகள் நடக்கும் நேரமெல்லாம் அதுதான் எல்லார் கண்ணிலும் இருக்கும் என்கிறார். அந்த ஒரு மணி நேரக் காணொலியைத் துறையில் எல்லாரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டலாம். செலவு ஒன்றும் இல்லை. செய்கிறார்களா?

ஸ்லைடுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கத்துக்கு இருபது வரி, பின்வரிசைக்குத் தெரியாத எழுத்தில் ஓர் அட்டவணை, பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. பிள்ளை நமக்கு முதுகைக் காட்டித் திரையைப் பார்த்து வரிவரியாகப் படிக்கும். இது சின்ன விஷயம் என்று விட்டுவிடுகிறார்கள். 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும்போது சிதறி, கல்பனா சாவ்லாவும் மற்ற ஆறு பேரும் இறந்தார்கள். கிளம்பும்போதே எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு ஒன்று இறக்கையில் மோதியிருந்தது. அவர்கள் விண்ணில் இருந்த நாட்களில், இதனால் ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் ஸ்லைடு போட்டு மேலதிகாரிகளுக்கு விளக்கினார்கள். அந்த ஸ்லைடுகளில் ஒன்றை எட்வர்ட் டஃப்டி என்ற அறிஞர் பிறகு வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். முன்பு சோதனை செய்து பார்த்த துண்டின் அளவு 3 கன அங்குலம். மோதியதாகக் கணக்கிட்ட துண்டு 1920 கன அங்குலம். 640 மடங்கு பெரியது. கையில் இருந்த சோதனை முடிவுகள் இதற்குப் பொருந்தவே பொருந்தாது என்று கத்திச் சொல்லியிருக்க வேண்டிய அந்தச் செய்தி, ஸ்லைடின் அடிமட்டத்தில், உட்பிரிவுக்குள் உட்பிரிவாக, பொடி எழுத்தில் கிடந்தது. மேலே தலைப்போ ஆறுதலாக இருந்தது. விபத்தை விசாரித்த குழுவும் தன் அறிக்கையில் இந்தப் பழக்கத்தைக் கண்டித்தது. எங்கள் பெண்ணின் பேச்சில் உயிர் போகவில்லை. ஆனால் முக்கியமானதைக் கடைசியில், பொடி எழுத்தில் புதைக்கிற அதே பழக்கத்தைத்தான் நம் பிள்ளைகளுக்குப் பாடமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பேச்சு என்பது பிறவியிலேயே வருவது, வந்தவனுக்கு வரும் என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். கோபம்தான் வந்தது. மைக்கேல் ஃபாரடேயின் அப்பா கொல்லர். ஃபாரடே பெரிதாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகியவர். 1813-இல் லண்டன் ராயல் நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்த சில மாதங்களிலேயே, வயது இருபத்தொன்று, நல்ல சொற்பொழிவு எப்படி இருக்க வேண்டும் என்று தன் நண்பர் அபட்டுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். மற்றவர்கள் பேசும்போது என்ன செய்கிறார்கள், கேட்பவர்கள் எப்போது களைத்துப்போகிறார்கள், அரங்கில் காற்று வருகிறதா என்பது வரை கவனித்து எழுதினார். பேச்சுக்கலை ஆசிரியரிடம் பாடமும் கேட்டார். பிறகு பெரிய விஞ்ஞானியாகி, ஊரே திரண்டு வந்து கேட்கிற சொற்பொழிவாளரான காலத்திலும், "மெதுவாக" என்று எழுதிய ஓர் அட்டையையும் "நேரம்" என்று எழுதிய ஓர் அட்டையையும் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது தனக்கு முன்னால் காட்டச் சொல்லித் தன் உதவியாளரிடம் ஒப்படைத்திருந்தார். கொல்லர் மகன் கற்றுக்கொண்டதைக் கரும்பு வெட்டுபவர் மகள் கற்றுக்கொள்ள முடியாதா?

அதுவும் எந்த மண்ணில் இந்தப் பேச்சைப் பேசுகிறோம்! தொல்காப்பியமே நிலந்தரு திருவின் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியது என்கிறது அதன் பாயிரம். எழுதி முடித்தால் போதாது, அவை முன் வைத்துக் கேட்பவருக்கு விடை சொல்ல வேண்டும் என்பது நம்மிடம் எவ்வளவு பழைய வழக்கம். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் வரிசைப்படுத்துகிறது. வேண்டியதைக் குறைத்துச் சொல்வது, வேண்டாததை மிகுத்துச் சொல்வது, சொன்னதையே திரும்பச் சொல்வது எல்லாம் அதில் உண்டு. திருக்குறளில் அவையறிதலுக்கு ஓர் அதிகாரம், அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரம். இந்தப் பிள்ளைகளே பள்ளியில் பேச்சுப்போட்டியில் கை நீட்டிக் குரல் உயர்த்திப் பேசி மாவட்ட அளவில் பரிசு வாங்கியவர்கள். எட்டாம் வகுப்பில் மேடைக்கு அஞ்சாத பெண், முனைவர் பட்டத்துக்கு வந்தபிறகு குரல் நடுங்கி நிற்கிறாள் என்றால், இடையில் நாம் அவளிடமிருந்து எதையோ பிடுங்கியிருக்கிறோம்.

பிடுங்கியதில் ஒன்று மொழி. அறையில் இருக்கும் அத்தனை பேரும் தமிழர்களாக இருக்கும்போதும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். ஆங்கிலம் வேண்டும், வெளியே போய்ப் பேசத் தேவை, அதையும் சொல்லிக்கொடுங்கள். ஆனால் அரைகுறை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிற பிள்ளைக்கு, தான் செய்த சோதனையையே விளக்கத் தெரியாதது போன்ற ஒரு தோற்றம் வந்துவிடுகிறது. அதே பிள்ளையை வெளியே மரத்தடியில் நிறுத்தித் தமிழில் கேளுங்கள். எந்த நாளில் எந்தச் செடியில் எத்தனை பூச்சி இருந்தது என்பது வரை கடகடவென்று சொல்லும்.

கேள்வியைப் பற்றிச் சொன்னால் இன்னும் வேதனை. "ஏதாவது கேள்வி இருக்கா? இல்லையா? சரி, அடுத்தவங்க." இரண்டு விநாடி. யாராவது எழுந்து உண்மையாகவே ஒரு சந்தேகம் கேட்டால், கைடுக்கு முகம் சுருங்கும். தன் மாணவியை மட்டம் தட்டுவதாக எடுத்துக்கொள்வார். சுப்பிரமணியன் சந்திரசேகரின் கதை நமக்குத் தெரிந்ததுதான். 1935 ஜனவரி 11, லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டம். நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துப்போன பையன், வயது இருபத்து நான்கு. விண்மீன்கள் இறுதியில் என்ன ஆகின்றன என்ற தன் கணக்கைச் சொன்னார். அடுத்து எழுந்த ஆர்தர் எடிங்டன், அன்றைய வானியலின் பெரிய தலை, அதைக் கேலி செய்து பேச, அரங்கம் சிரித்தது. 1983-இல் நோபல் பரிசு வந்தபோது சரி யார் பக்கம் என்பதை உலகம் ஒப்புக்கொண்டது. இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வழக்கமாக ஒருவருக்குக் கால் மணி நேரம்தான். சந்திரசேகருக்கு அரை மணி நேரம் கொடுக்கச் சொல்லிக் கழகச் செயலாளரிடம் கேட்டு வாங்கியவர் அதே எடிங்டன். எதிர்த்துப் பேசப் போகிறவர்கூட, முதலில் முழுதாகச் சொல்லட்டும் என்று நேரம் வாங்கிக் கொடுத்தார். கேட்டதை நம்பாமல் எதிர்த்தார், ஆனால் கேட்டார். நம் பிள்ளைகளை யாரும் எதிர்ப்பதுகூட இல்லை. எதிர்க்க வேண்டுமென்றால் கேட்டிருக்க வேண்டுமே.

மூன்று நிமிஷத்தில் சொல்ல முடியாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-இல் மூன்று நிமிட ஆய்வேடு என்று ஒரு போட்டியைத் தொடங்கியது. அங்கே கடும் வறட்சி; குளியலை மூன்று நிமிஷத்தில் முடிக்க மணற்கடிகாரம் வைத்துக்கொள்ளச் சொன்ன காலம், அதிலிருந்து பிறந்த யோசனை. ஒரே ஒரு ஸ்லைடு, அசையாத படம், மூன்று நிமிஷம். இன்று பல நாடுகளில் நடக்கிறது. அங்கே அந்த மூன்று நிமிஷத்துக்காக மாணவர்கள் வாரக்கணக்கில் தயாராகிறார்கள், பயிற்சி கொடுக்கிறார்கள். இங்கே இருபது நிமிஷத்துக்குத் தயாரித்துக்கொண்டு வந்த பிள்ளையை வாசலில் நிறுத்தி மூன்று நிமிஷம் என்கிறார்கள். இரண்டும் ஒன்றாகுமா?

வைவாவுக்கு வருகிறேன். வாழ்க்கையில் ஒரே முறை வருகிற நாள். அன்று காலை, மாவுப்பூச்சி பற்றிப் பேசிய அந்தப் பெண் எங்கே இருந்தாள் தெரியுமா? சாப்பாடு ஆர்டர் கொடுத்த ஹோட்டலில். வெளியூர்த் தேர்வாளரை ரயிலடியில் போய்க் கூட்டிவரக் கார், துறையில் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு, இடையில் போண்டாவும் காபியும், சால்வை, பழத்தட்டு, வாசலில் பேனர். எங்கேயும் எழுதிவைத்த விதியில்லை. எல்லாரும் செய்கிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம். அவள் அப்பா அந்தச் செலவுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நகை வைத்தார். பேச்சை ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டிய நேரத்தில் அவள் இலை எத்தனை, ஆள் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாமல், மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, "புள்ள நல்லா சொல்லுச்சுங்களா டீச்சர்? என்னதாங்க கண்டுபுடிச்சிருக்கு?" என்று கேட்டார். மரவள்ளி போடுகிறவர் அவர். அவர் வயலுக்கான ஆராய்ச்சி அது. அதை அவருக்கு அங்கேயே, ஐந்து நிமிஷம் தமிழில் நின்று நான் சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு, "அப்ப நான் அடிச்ச மருந்தெல்லாம் வீணா? முன்னமே சொல்லியிருந்தா ஒரு போகம் மிச்சமாயிருக்குமே" என்றார்.

நான் கேட்பதெல்லாம் இவ்வளவுதான். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் வருஷமே, மற்ற துறை மாணவர்கள் முன்னால் நின்று தன் கேள்வியைச் சொல்லிப் பழக வையுங்கள். கருத்தரங்கில் பத்துப் பேர் பேசினால் போதும்; ஆளுக்கு இருபது நிமிஷமும், கேள்விக்குப் பத்து நிமிஷமும் கொடுங்கள். வாழ்த்துரைகளை நிறுத்தினால் அந்த நேரம் தானாகக் கிடைக்கும். வைவாவுக்கு முன்னால், எந்த ஊரில் போய்த் தகவல் எடுத்தார்களோ அந்த ஊரிலேயே ஒரு சாயங்காலம் வந்து தமிழில் பேசட்டும். எங்கள் பக்கத்துக் கோமுகி அணையின் நீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய்ப் பரிசோதிக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்று அதை வயலுக்குப் பாய்ச்சுகிறவனுக்கு இதுவரை யாரும் வந்து சொன்னதில்லை. மலை மேலே மலையாளிப் பழங்குடி மக்களிடம் போய் எந்த மூலிகை எதற்கு என்று கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் இணையத்தில் ஏறிவிடுகிறது. சொல்லிக்கொடுத்த பாட்டி, "நாங்க சொன்னத எழுதிக்கிட்டுப் போனீங்களே தம்பி, என்னாச்சு?" என்று அடுத்து வருகிறவனிடம் கேட்கிறாள்.

ஊரில் வந்து அப்படிப் பேசினால் கேள்வியும் வரும். பேராசிரியர்கள் கேட்காத கேள்விகள். இந்த வேரை எந்த மாசம் எடுத்தாய், அமாவாசைக்கு முன்னாலா பின்னாலா, வேனலில் எடுத்தால் குணம் மாறுமே, அதைப் பார்த்தாயா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் ஆராய்ச்சியில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். வைவாவுக்கு முன்னால் அது தெரிவது நல்லதா, பின்னால் தெரிவது நல்லதா?

மாணவர்களை இப்படி ஊரில் வந்து பேச விடுங்கள் என்று ஒரு கல்லூரியில் போய்க் கேட்டேன். சுற்றறிக்கையில் அப்படி ஏதும் இல்லை என்றார்கள். கைடு ஒருவர், வைவா முடியட்டும், பிறகு பார்ப்போம் என்றார். அவரிடம் மூலிகைகளைப் பற்றி ஆராய்ந்த ஒரு மலைப் பையனுக்கு வைவா முடிந்தது, பட்டமும் வந்தது. கைடு பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. பையன் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வரும்போது என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவனுடைய ஐம்பத்திரண்டு ஸ்லைடுகளைப் பத்தாகக் குறைத்துத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். பொங்கல் விடுமுறையில் வெள்ளிமலையில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டிகளில் ஒருவர் போன ஆடியில் இறந்துவிட்டார்.